சிப்பாயின் பெயர்

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் யுத்த ஞாபகச் சின்னத்தைத் தினந்தோறும் கடந்து செல்கிறார்கள். 1914-ல் மூண்ட மகா யுத்தத்திற்குச் சென்று திரும்பாதவர்களின் ஞாபகார்த்தமாக அது எழுப்பப்பட்டது. அக்காலத்துச் சர்க்கார் நம் மாகாணத்தின் ஊர்கள் பலவற்றில் இத்தகைய கற்களைப் பதித்தது. அவற்றின் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகும்: இவ்வூரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்திற்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்பதே அது. சென்றவன் எவன், எவன் மகன், எத்தெருவினன் என்ற விவரம் கிடையாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கணக்கெழுதும் முறையில் மனிதருக்கும் கணக்கெழுதி, அதன் கீழே கோடு போட்டுவிட்டார்கள்.

இந்தக் கற்களைப் பற்றி இன்று எழுதக் காரணம் என்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. போரில் விழுந்த சிப்பாய்க்கு ஒரு தேசம் என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வி 2022 முதல் நம் நாட்டில் புதிய உருவத்தில் எழுந்திருக்கிறது. அக்கேள்விக்குச் சரியான விடை காண வேண்டுமானால், அந்நிய ஆட்சி அதற்கு அளித்த விடையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தக் கேள்விக்கு உரிய மனிதன் யார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரிலேயே தொடங்குவோம். மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே காவேரி ஓடும் இந்தச் சிறு நிலப்பரப்பில்தான் இந்தியாவின் தலைவிதியில் ஒரு பகுதி தீர்மானமாயிற்று. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் கோட்டையை முற்றுகையிட்டனர். 1752-ல் பிரெஞ்சுத் தளபதி லா ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கி, கோயில் மதில்களையே அரணாகக் கொண்டிருந்து, ஜூன் மாதத்தில் சரணடைந்தான். மறு ஆண்டு பொன்மலையடியில் மீண்டும் இரத்தம் சிந்திற்று. இச்சண்டைகளில் இரு தரப்பிலும் பெருவாரியாக நின்று மாண்டவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்களே. கிளைவின் பெயரையும் லாரன்ஸின் பெயரையும் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். சிப்பாய்களின் தலைவனாக உயர்ந்த யூசுப் கானின் பெயர் தப்பிப் பிழைத்தது. அவனையும் 1764-ல் மதுரையில் தூக்கிலிட்டனர். மற்றையோர் காவேரி மணலோடு மணலாயினர்.

எனினும், சிப்பாய் வேறு, அவனை ஏவியவன் வேறு என்ற நியாயத்தை நம் முன்னோர் மறந்தாரில்லை. 1801-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டை மதிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. பரங்கியரை எதிர்த்து எழும்படி சகல ஜாதியாரையும் அழைத்த அப்பிரகடனம், பரங்கியரின் பட்டாளத்திலேயே சேவகம் செய்துவந்த சுபேதார் முதல் சிப்பாய் வரையில் உள்ளவர்களையும் அழைத்தது. அவர்களும் நம்மவரே என்று எண்ணியதனாலன்றோ அவ்வாறு அழைக்க முடிந்தது? அந்நியனின் சம்பளத்தை வாங்கியவன் என்பதனால் ஒருவன் அந்நியனாகிவிடுவதில்லை. இந்த நியாயத்தை மனத்திற் கொண்டு நாம் மேலே செல்வோம்.

1917-ல் பிரிட்டிஷார் யுத்தக் கல்லறைக் கமிஷன் ஒன்றை நிறுவினர். அந்தஸ்து, ஜாதி, மதம் என்ற பேதமின்றி மாண்டவர் அனைவரையும் ஒருபடித்தாக நினைவுகூர வேண்டும் என்பது அதன் மூலாதாரக் கொள்கை. உயர்ந்த கொள்கையே. ஐரோப்பாவில் அதை ஓரளவு நிறைவேற்றவும் செய்தார்கள். பிரான்ஸில் நவ் ஷாப்பெல் என்னும் ஊரில் 1927-ல் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. வெள்ளையர் வந்து பார்க்கும் இடம் அது. ஆனால் நம்மவர் மிகுதியாக மாண்ட மெஸபடோமியாவில் நடந்தது வேறு. பஸ்ராவில் 1929-ல் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சோல்ஜர் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களில் 30,000-க்கு மேற்பட்டோருக்குக் கிடைத்தது அவரவர் பட்டாளத்தின் பெயருக்கு எதிரே ஓர் எண்ணிக்கை மட்டுமே. ஒரே வெயிலில் ஒரே காய்ச்சலால் மாண்ட இருவரில் ஒருவனுக்குப் பெயர், மற்றவனுக்கு எண்!

இது நாம் சுமத்தும் குற்றச்சாட்டன்று. அந்தக் கமிஷனின் வாரிசான ஸ்தாபனமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. முதல் மகா யுத்தத்தில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரையில் சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும், அத்தொகை 3,50,000 வரையிலும் இருக்கக்கூடும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி பார்லிமெண்டில் எழுந்து மன்னிப்புக் கோரினார். நூறு வருஷம் கழித்துக் கேட்ட மன்னிப்பு. கேட்டவர்களும் இல்லை, கேட்க வேண்டியவர்களின் பெண்டு பிள்ளைகளும் இல்லை.

இவ்வாறு எண்ணாகக் குறிக்கப்பட்ட மனிதன் உண்மையில் எத்தகையவன்? அடுத்த யுத்தத்தில் மாண்ட ஒருவரின் சரித்திரம் அதை நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் சுபேதார் சுப்பிரமணியன்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், இக்காலத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில், கீழ் ஒட்டிவாக்கம் என்றொரு கிராமம். 1912-ல் அங்கே பிறந்தவர் அவர். அது ஏரிப் பாசனச் சீமை. மழை பெய்தால் ஏரி நிறையும், ஏரி நிறைந்தால் நெல் விளையும், இல்லையேல் இல்லை. 1930-களில் உலகமெங்கும் ஏற்பட்ட வியாபார மந்தத்தால் நெல் விலை படுத்துவிட்டபோது, விளைந்த வருஷமும் குடியானவனுக்கு விளையாத வருஷம் போலாயிற்று. இத்தகைய கிராமங்களிலிருந்து வாலிபர்கள் வெளியேறிய வழிகள் மூன்று: சென்னைப் பட்டணம், கடல் கடந்த தோட்டங்கள், பட்டாளம். சுப்பிரமணியன் சென்றது மூன்றாவது வழி. மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்னும் படையில் அவர் சேர்ந்தார்.

இந்தப் படையைப் பற்றி நேயர்கள் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1780-ல் தோன்றியது அது. தலைமை ஸ்தானம் பெங்களூர். மற்றப் பட்டாளத்தார் அதன் வீரர்களைச் செல்லமாகவும் மரியாதையாகவும் 'தம்பி' என்று அழைப்பார்கள். துப்பாக்கி பிடிப்பது மட்டும் அவர்கள் தொழிலன்று. பாலம் கட்டுதல், பாதை போடுதல், தண்ணீர் எடுத்தல், எதிரி புதைத்த கண்ணிகளைத் தோண்டி எடுத்தல் முதலிய யாவும் அவர்கள் வேலை. சேனை முன்னேறும்போது அதற்கு முன்னால் செல்ல வேண்டியவர்கள் அவர்கள்; பின்வாங்கும்போது கடைசியில் வர வேண்டியவர்களும் அவர்களே. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்துப் பழகிய கிராமவாசியின் கைக்கு ஏற்ற தொழில். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் உயிர் போகக்கூடிய தொழில்.

இந்த மதராஸ் ராஜதானியின் மனிதர்களைத்தான் வீரமற்றவர்கள் என்று ராபர்ட்ஸ் பிரபு தீர்ப்புக் கூறினார். 1880-களில் மதராஸ் சேனைக்கும் பிறகு இந்திய சேனை முழுமைக்கும் தளபதியாயிருந்த அவர், யுத்த ஜாதி என்றும் யுத்தத்திற்கு லாயக்கற்ற ஜாதி என்றும் நம் மக்களைப் பிரித்தார். அதன் பயனாக மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரு உலக யுத்தங்களுக்கிடையே எஞ்சியிருந்தவையும் போயின. சாப்பர்கள் மட்டும் நின்றனர், ஏனெனில் அவர்களின்றிச் சேனை ஓர் ஆற்றையும் கடக்க முடியாது. 1939-ல் யுத்தம் மூண்டு ஆட்கள் போதாமற் போனபோது சித்தாந்தம் பறந்தது. 1941-ல் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடியும் எழுப்பினார்கள். லாயக்கற்றவர்கள் ஒரே நாளில் லாயக்குள்ளவர்களாகிவிட்டார்கள்!

சுப்பிரமணியன் அடிமட்டச் சிப்பாயிலிருந்து சுபேதார் பதவி வரையில் உயர்ந்தார். அக்காலத்தில் அது வைஸ்ராயின் கமிஷன் பெற்ற பதவி. இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் தலைவர். ஆனால் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார இளைஞனும் அவருக்கு மேற்பட்டவன். பத்து வருஷ அனுபவத்தைப் பத்து நாள் அனுபவத்திற்குக் கீழே வைத்த ஏற்பாடு அது. அதைச் சகித்துக்கொண்டு தம் தொழிலைக் குறைவறச் செய்தவர்கள் நம் சுபேதார்கள்.

அவருடைய 11-வது பீல்டு பார்க் கம்பெனி 4-வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. எரித்ரியாவின் மலைகளிலும் வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்திலும் போரிட்டுப் பெயர்பெற்ற அந்த டிவிஷன், 1944-ன் தொடக்கத்தில் இத்தாலியில் காஸினோ மலைக்கு எதிரே நிறுத்தப்பட்டது. ரோமாபுரிக்குச் செல்லும் பாதையை அடைத்து நின்ற மலை அது. பிப்ரவரி 15-ந் தேதி நேச தேசத்தாரின் விமானங்கள் அதன் உச்சியிலிருந்த பழைய மடத்தைத் தூளாக்கின. தொடர்ந்து நடந்த தாக்குதலில் இந்தியர் பலர் மாண்டும் மலை கைக்கு வரவில்லை. காஸினோவுக்குத் தெற்கே, அந்த ராஜபாட்டையில், மின்யானோ என்ற ஊர் இருக்கிறது. அதன் வடமேற்கில் எதிரிகள் கண்ணி புதைத்துச் சென்றிருந்த நிலத்தில் 1944 பிப்ரவரி 24-ந் தேதி சாப்பர்கள் வழி திறந்துகொண்டிருந்தனர்.

முன்னால் கண்ணி காணும் கருவியை ஏந்திய ஒரு லான்ஸ் நாயக். அவருக்குப் பின் சுபேதார் சுப்பிரமணியன், சோதித்த வழியைக் காட்ட நாடா இட்டுக்கொண்டே வருகிறார். அவருக்குப் பின் மற்றவர்கள். திடீரென்று காலடியில் ஒரு சிறு ஓசை கேட்டது. அது ஜெர்மானியர் செய்த துள்ளும் கண்ணி. அதன் யந்திரத்தை நேயர்கள் அறிந்தாலன்றி அந்த மனிதரின் செயலை அறிய முடியாது. மிதிபட்டவுடனே அது வெடிப்பதில்லை. சுமார் நான்கு விநாடி பொறுத்து, அடியிலுள்ள மருந்து அதை இடுப்பளவு உயரத்திற்கு எறியும். அங்கே வெடித்து, உள்ளே அடைத்த 360 எஃகுக் குண்டுகளை நாற்புறமும் இறைக்கும். நின்றிருப்பவன் பிழைப்பது அரிது. தரையோடு தரையாய்ப் படுத்துவிட்டவன் பிழைக்கக்கூடும். தொழில் தெரிந்தவனுக்கு நான்கு விநாடி போதும், தன்னைக் காத்துக்கொள்ள.

தொழில் தெரிந்தவர்தான் சுப்பிரமணியன். அந்த ஓசையின் பொருளை அவர் உணர்ந்தார். உணர்ந்து, தமக்குக் கிடைத்த நான்கு விநாடியைத் தமக்காகச் செலவழிக்கவில்லை. கண்ணியின் மேலேயே பாய்ந்து தம் தேகத்தால் அதை மூடினார். கண்ணி வெடித்தது. தோழர்கள் உயிர் தப்பினர், சுபேதார் மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது 31.

1944 ஜூன் 30-ந் தேதி லண்டன் கெஜட்டில் அவருக்கு ஜார்ஜ் சிலுவை அளிக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. 1940-ல் ஏற்பட்ட அந்த விருதை நேரடியாகப் பெற்ற இந்தியருள் முதல்வர் அவரே. இத்தாலியில், தகனம் செய்யப்பட்ட 500-க்கு மேற்பட்ட இந்திய வீரருக்காக ஸாங்ரோ நதிக்கரையில் எழுப்பிய சின்னத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வீரமற்ற ராஜதானி என்று ராபர்ட்ஸ் பிரபு கூறிய தீர்ப்புக்கு அப்பீல் நடந்த கோர்ட்டு அந்தக் கண்ணி நிலம். தீர்ப்பு ரத்தாவதற்குப் பிடித்த நேரம் நான்கு விநாடி.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தேசபக்தர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபமாகையால் அதை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. சுப்பிரமணியன் மாண்டதற்கு இரண்டு நாள் முன்பு, 1944 பிப்ரவரி 22-ந் தேதி, அன்னை கஸ்தூரிபா புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் உயிர் நீத்தார். மகாத்மாவும் அங்கே கைதி. காங்கிரஸ் தலைவர்கள் அனைவரும் சிறையில் இருந்தனர். இந்தத் திருச்சிராப்பள்ளியிலிருந்து 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் பின்னே வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த தொண்டர்கள் பட்ட அடியின் வடு ஆறியிருக்கவில்லை. அதே வருஷத்தில், மலேயாவுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் பிள்ளைகள் நேதாஜியின் சேனையில் சேர்ந்து பர்மா எல்லையில் போரிட்டுக்கொண்டிருந்தனர். அப்படியிருக்க, ஏகாதிபத்தியத்தின் சீருடையில் மாண்டவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்பதே ஆட்சேபம்.

விடை கூறுவோம். யுத்தத்தைத் தீர்மானித்தவன் சுப்பிரமணியன் அல்ல. 1939-ல் வைஸ்ராய் இந்தியாவை யுத்தத்தில் பிணைத்தபோது எந்தத் தலைவரையும் கேட்கவில்லை. கீழ் ஒட்டிவாக்கத்தையா கேட்டிருப்பார்? பிணைத்த பாவம் பிணைத்தவனைச் சேரும். கண்ணியின் மேல் விழுந்தபோது அந்த மனிதர் எந்த அரசனையும் நினைத்து விழுந்திருக்க முடியாது. நான்கு விநாடியில் நினைக்க முடிவது பக்கத்தில் நிற்கும் தோழனை மட்டுமே. நேதாஜியின் சேனையில் மாண்ட தமிழனும் காஸினோவின் அடியில் மாண்ட தமிழனும் ஒரே கிராமத்துப் பிள்ளைகள். ஒருவன் தேச விடுதலைக்காக மாண்டான். அதற்குரிய முதல் ஸ்தானம் அவனுக்கு என்றும் உண்டு. மற்றவன் தோழனுக்காக மாண்டான். அவனை வீட்டை விட்டு விலக்கி வைக்க நமக்கு அதிகாரமில்லை. ஏகாதிபத்தியம் அவனை எண்ணாக்கியது. நாமும் அவனைக் கைவிட்டால் அந்த எண்ணைக்கூட அழித்தவர்களாவோம்.

சுதந்திர இந்தியா இந்த விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். 2019 பிப்ரவரி 25-ந் தேதி டில்லியில் திறக்கப்பட்ட தேசிய யுத்த ஞாபகச் சின்னத்தில், சுதந்திரத்திற்குப் பின் மாண்ட 25,942 வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டன. ஜெனரலுக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஓர் எண் என்ற பேதம் அங்கே இல்லை. நம் ஊரில், 1999 மே 29-ந் தேதி கார்கில் யுத்தத்தில் படாலிக் பகுதியில் மாண்டு வீரசக்ரம் பெற்ற மேஜர் சரவணனுக்கு ஞாபகச் சின்னம் இருக்கிறது. அவர் பெயர் திருச்சி ஜனங்களின் நாவில் வாழ்கிறது. 2020 ஜூன் 15-ந் தேதி கால்வான் பள்ளத்தாக்கில் மாண்ட 20 பேரில் ஒருவர் ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. கடுக்கலூர் என்ற அவருடைய கிராமத்தின் பெயரை அதற்கு முன் அண்டை ஜில்லாவார்கூட அறியார். வீரசக்ரம் அதை நாடறியச் செய்தது. பெயர் சொல்லி அழுவது என்பது ஒரு தேசத்தின் சுதந்திரத்திற்கு அடையாளம். அடிமை தேசத்தில் சிப்பாய் எண். சுதந்திர தேசத்தில் சிப்பாய் பிரஜை.

ஆனால் பெயர் பொறிப்பதோடு கடன் தீர்ந்துவிடுமா? இங்கேதான் நாம் முதலில் குறிப்பிட்ட புதிய கேள்வி வருகிறது. 2022 ஜூன் 14-ந் தேதி மத்திய சர்க்கார் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி சேரும் வாலிபனுக்குச் சேவை நான்கு வருஷம். முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரையில் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் ஒரு தொகையுடன் வீடு திரும்புவர், பென்ஷன் இல்லை. இத்திட்டம் சேனைக்கு நல்லதா, அல்லவா என்ற விவாதத்தில் நாம் இப்பொழுது இறங்கவில்லை. நமது கேள்வி ஒன்றே: அந்த நான்கு வருஷத்திற்குள் அவன் எதிரியின் குண்டுக்கு இரையானால் அவன் குடும்பத்தின் கதி என்ன?

திட்டத்தை அறிவித்தபோது கூறியபடி, காலமான அக்னிவீரனின் குடும்பத்திற்கு இன்ஷூரன்ஸ் ரூ.48 லட்சம், சேவையின் காரணமாக மாண்டிருந்தால் கருணைத்தொகை ரூ.44 லட்சம், எஞ்சிய காலத்தின் சம்பளமும் சேமிப்புத் தொகையும் அதனுடன் சேரும். இது சிறு தொகையன்று என்று சர்க்கார் தரப்பார் கூறுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிரந்தரச் சிப்பாய் ஒருவன் யுத்தத்தில் மாண்டால் அவன் மனைவிக்குக் கடைசியாக அவன் வாங்கிய சம்பளத்திற்குச் சமமான தொகை குடும்பப் பென்ஷனாக மாதந்தோறும் கிடைக்கிறது. அக்னிவீரனின் குடும்பத்திற்கு அந்தப் பென்ஷன் வகுக்கப்படவில்லை. ஒரே பதுங்குகுழியில், ஒரே குண்டுக்கு இருவர் மாண்டால், ஒருவன் வீட்டில் மாதாமாதம் தபால்காரன் வருவான். மற்றவன் வீட்டில் ஒரு நாள் வந்து பிறகு வரமாட்டான்.

சட்டரீதியாக இதை ஆராய்வோம். சேவைக் காலத்தை ஒட்டி ஓய்வூதியம் மாறுபடுவது நியாயமே. பதினைந்து வருஷம் உழைத்தவனும் நான்கு வருஷம் உழைத்தவனும் ஒரே பென்ஷன் கேட்க முடியாது. ஓய்வூதியம் உழைத்த காலத்திற்குக் கிடைக்கும் பலன். ஆகவே காலம் அதற்கு அளவுகோல். ஆனால் யுத்தத்தில் மாண்டவனின் குடும்பத்திற்குக் கொடுப்பது உழைத்த காலத்திற்கு அல்ல, இழந்த உயிருக்கு. உயிருக்குச் சேவைக் காலம் அளவுகோலாக முடியாது. குண்டு, ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பாய்வதில்லை. வகைப்படுத்துவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வகைக்கும் நோக்கத்திற்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பது நியாய ஸ்தலங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் விதி. இங்கே நோக்கம், வீட்டைத் தாங்கியவனை இழந்த குடும்பத்தைக் காப்பது. அந்த நோக்கத்திற்கும், அவன் எந்தத் திட்டத்தில் சேர்ந்தான் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

மொத்தமாகத் தொகை கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் கிராம வாழ்க்கையை அறியாதவர்கள். லட்சக் கணக்கான ரூபாய் ஒரே நாளில் ஓர் ஏழைக் குடியானவன் வீட்டில் இறங்கினால், அதற்கு முன்பே கடன்காரன் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பான், பங்காளி வருவான், புரோநோட்டு வரும். விதவையான இளம்பெண்ணின் கையிலிருந்து அத்தொகை நழுவிய பிறகு நாற்பது வருஷ வாழ்க்கை எஞ்சியிருக்கும். மாதந்தோறும் வரும் பென்ஷனை எந்தப் பங்காளியும் ஒரே இரவில் விழுங்க முடியாது. கிராமத்து விதவைக்குப் பென்ஷன் பணம் மட்டுமன்று. மாமனார் வீட்டில் அவளுக்குள்ள ஸ்தானமும் அதுவே.

2025 மே மாதம் எல்லையில் நடந்த பீரங்கிச் சண்டையில் ஆந்திர தேசத்துக் குக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த அக்னிவீரர் முரளி நாயக் மாண்டார். தேசம் முழுவதும் அவருக்கு அஞ்சலி செலுத்திற்று. தேசியக் கொடி போர்த்தும்போது அக்னிவீரனுக்கு ஒரு கொடி, நிரந்தரச் சிப்பாய்க்கு வேறு கொடி என்று நாம் வைத்திருக்கிறோமா? இல்லை. கொடியில் இல்லாத பேதம் கஜானாவில் மட்டும் எங்கிருந்து வந்தது? பஸ்ராவில் வெள்ளையன் செய்த பேதத்தை நாம் கண்டிக்கிறோம். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அது நிறத்தினால் விளைந்தது, இது சிக்கனத்தினால் விளைந்தது. ஆயினும் மாண்டவரை இரு வகையாகப் பிரிப்பதில் இரண்டும் ஒரே பாதையில் செல்கின்றன. சிக்கனம் செய்வதற்குச் சர்க்காருக்கு வேறு எத்தனையோ இலாகாக்கள் உண்டு. ஆகவே, களத்தில் மாண்ட அக்னிவீரரின் குடும்பத்திற்கு நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்திற்குரிய பென்ஷனை அளிக்க வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இனி நம் ஜனங்கள் செய்ய வேண்டியதைக் கூறுவோம். 1947-க்கு முன் மாண்டவர்களுக்கு டில்லிச் சின்னத்தில் இடமில்லை. அது சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்கு உரியது. எனவே கீழ் ஒட்டிவாக்கத்து மனிதரையும் அவர் போன்ற ஆயிரக்கணக்கானவர்களையும் நினைவுகூரும் பொறுப்பு அவரவர் ஊரையே சார்ந்தது. பெயர்கள் அழிந்துபோகவில்லை. கல்லில் எண் மட்டும் இருந்தாலும் கல்லறைக் கமிஷனின் பதிவேடுகளில் பெயர்கள் கிடைக்கின்றன. பலருக்குத் தகப்பன் பெயரும் கிராமத்தின் பெயரும்கூட உண்டு. பாஞ்சாலத்தார் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். லாகூர் மியூஸியத்தில் தூசி படிந்து கிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து முதல் மகா யுத்தத்திற்குச் சென்ற சுமார் 3,20,000 பஞ்சாபியரின் விவரங்களைத் திரட்டும் பணி 2021-ல் வெளிச்சத்திற்கு வந்தது. பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனாரின் பெயரைக் கிராமவாரியாகத் தேடிக் கண்டுபிடித்தனர். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போல் வீட்டுக்கொருவனைப் பட்டாளத்திற்கு அனுப்பிய ஊர்கள் உள்ள தமிழ்நாட்டில் இது நடக்கக்கூடாதா?

திருச்சிராப்பள்ளி இதில் முன்னடி எடுத்துவைக்க வேண்டும். இங்கே கல்லூரிகள் பல இருக்கின்றன, சரித்திர மாணவர்கள் இருக்கிறார்கள், முன்னாள் வீரர்களின் நலனைக் கவனிக்கும் சர்க்கார் காரியாலயம் இருக்கிறது, கார்ப்பொரேஷன் இருக்கிறது. பதிவேடுகளைப் பார்த்து இந்த ஜில்லாவின் பெயர்களைப் பிரித்தெடுப்பது ஒரு கல்லூரி வகுப்பு ஒரு வருஷத்தில் முடிக்கக்கூடிய வேலை. முடித்தபின், காந்தி மார்க்கெட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் நாட்டி, பெயர்களைத் தமிழில் பொறிக்க வேண்டும். ஆங்கிலச் சர்க்கார் எழுதாமல் விட்ட வரியை நாம் எழுதி முடிப்போம். ஜில்லாவின் கிராமங்களிலும் பள்ளிக்கூட வாசலில் அவ்வூர் வீரரின் பெயர் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 15-ந் தேதி கூடும் கிராம சபைகளில் இதற்கும், அக்னிவீரர் குடும்பப் பென்ஷனுக்கும் தீர்மானங்களைக் கொண்டுவரும்படி தேச ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கட்சி எதுவாயினும் இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

யுத்தத்தை நாம் போற்றவில்லை. யுத்தம் வேண்டாம் என்பவனும் வேண்டுமென்பவனும் விவாதித்துக்கொண்டிருக்கையில், சென்று மாள்பவன் கிராமத்தான். அவன் ஏரிக்கரையில் பிறந்து எவருமறியா மலையடியில் விழுகிறான். அவனுடைய தாய் அவனுக்கு ஒரு பெயரிட்டாள். அந்தப் பெயரைக் கல்லில் காப்பதும், அந்தத் தாயையும் அவன் மனைவியையும் உலையில் அரிசியுடன் காப்பதும் ஒரே கடனின் இரண்டு பாதிகள். ஒன்றைச் செலுத்தி மற்றதை நிறுத்திவைக்கும் தேசம் கடனாளியாகவே நிற்கும்.